தலைமடையில் உட்காரும்போது

2023 ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எங்களைப் பார்க்க வரும். சில வருஷம் வராமலே திரும்பிவிடும்.

அந்த வருஷம் மேட்டூர் அணையை வழக்கமான நாளில், ஜூன் 12-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். ஆனால் மேலே மழை இல்லை. டெல்டாவில் பல இடங்களில் குறுவை காய ஆரம்பித்திருந்தது. சம்பாவுக்கு நேரடி விதைப்பு போடலாமா, இன்னும் பத்து நாள் பொறுக்கலாமா என்று பெரியப்பா காலையும் மாலையும் வாய்க்காலைப் போய்ப் பார்த்து வந்துகொண்டிருந்தார். விநாடிக்கு 5,000 கன அடி வீதம் பதினைந்து நாளுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று ஒழுங்காற்றுக் குழு பரிந்துரைத்த வாரம் அது. அங்கே கர்நாடகத்தில் மறியல், இங்கே தஞ்சாவூரில் மறியல். டிவியில் அங்கிருந்து ஒருவர், "எங்களுக்கே குடிக்கத் தண்ணீர் இல்லை, மிச்சம் இருந்தால் விடுகிறோம்" என்கிற மாதிரி பேசினார்.

பெரியப்பா டிவியைப் பார்த்தே பதில் சொன்னார். "மிச்சம் இருந்தா விடுறேங்கிறது பிச்சைப்பா. முறை வேற, பிச்சை வேற."

நான் கையில் போனை வைத்துக்கொண்டு வேறொரு செய்தியைப் படித்துக்கொண்டிருந்தேன். ஜூலை 20-ஆம் தேதி இந்திய அரசு பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்திருந்தது. உலகச் சந்தையில் விற்கப்படும் அரிசியில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தியாவினுடையது. தடைக்குப் பிறகு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் அரிசி விலைக் குறியீடு 15 ஆண்டுகளில் இல்லாத உச்சத்துக்குப் போனது. பெனின், செனகல், ஐவரி கோஸ்ட் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் அன்றாடச் சோறு இறக்குமதி அரிசியை நம்பியிருக்கிறது. அரசு சொன்ன காரணம்: உள்நாட்டில் விலை ஏறுகிறது, மழையும் சரியில்லை, முதலில் நம் மக்களுக்கு.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அங்க நாமதான் தலைமடைன்னு சொல்லு" என்றார். பிறகு எழுந்து வாய்க்கால் பக்கம் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியத்திலிருந்து என்னால் வெளியே வர முடியவில்லை. சர்வதேச அமைப்புகளில் இந்தியாவின் இடம், செல்வாக்கு என்று பேச்சு வரும்போதெல்லாம் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: நமக்கு அங்கே எவ்வளவு பலம்? பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் கிடைக்குமா, ஐ.எம்.எஃப்.பில் நம் ஓட்டு எவ்வளவு, ஜி20 மாநாட்டில் யார் யார் நம்மோடு கை குலுக்கினார்கள். கடைமடைக்காரன் தண்ணீர் கேட்கிற கேள்வி அது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தலைமடைக்கு வந்த பிறகும் அதே கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாமா?

*

முதலில் நாம் உண்மையிலேயே கடைமடையில் இருந்த காலம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வலங்கைமான். அந்த ஊரில் 1869-இல் பிறந்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. கும்பகோணத்தில் படித்தார், பள்ளி ஆசிரியராக இருந்தார், பிறகு அரசியலுக்கு வந்தார். 1921-இல் ஜெனீவாவில் நடந்த சர்வதேச சங்கக் கூட்டத்துக்கு இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவராகப் போனார். முதல் உலகப் போருக்குப் பின் உருவான அந்தச் சங்கத்தில் தொடக்கத்திலிருந்தே இந்தியா உறுப்பினர். தன்னைத் தானே ஆளாத ஒரு நாடு, நாடுகளின் சபையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. பிரதிநிதிகளை அனுப்பியது பிரிட்டிஷ் அரசாங்கம். 1929 வரை அந்தக் குழுவுக்கு ஓர் இந்தியர் தலைமை தாங்கியதில்லை. அந்த ஆண்டு முதன்முறையாகத் தலைமை ஏற்றவர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த முகமது ஹபிபுல்லா.

சாஸ்திரியின் ஆங்கிலத்தைக் கேட்டு பிரிட்டிஷ்காரர்களே அசந்துபோனார்கள் என்பார்கள். அதே 1921-இல் லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டில், பேரரசின் மற்ற நாடுகளில் குடியேறிய இந்தியர்களுக்குச் சம குடியுரிமை வேண்டும் என்று வாதாடினார். தீர்மானம் வந்தது. தென்னாப்பிரிக்கா ஏற்க மறுத்தது. அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். 1927-இல் இந்திய அரசின் ஏஜெண்டாக அவரே தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். நல்லது சில செய்ய முடிந்தது. ஆனால் கையில் இருந்தது வேண்டுகோள் மட்டும்தான்.

நாற்காலி இருந்தும் குரல் இல்லாததன் உச்சம் 1943. அந்த ஆண்டு நவம்பரில் போரால் சிதைந்த நாடுகளுக்கு உதவ 44 நாடுகள் கூடி ஒரு நிவாரண அமைப்பைத் தொடங்கின. அதில் இந்தியாவும் கையெழுத்திட்டது. அதே மாதங்களில் வங்காளத்தில் மக்கள் சோறில்லாமல் தெருவில் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். பர்மாவை ஜப்பான் பிடித்ததால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிருந்தது. பஞ்சத்துக்கு அது ஒரு காரணம். இந்தியா உறுப்பினராக இருந்த அந்த நிவாரண அமைப்பிடமிருந்து வங்காளத்துக்கு உதவி வரவில்லை. உறுப்பினர் என்பதற்கும் குரல் உள்ளவர் என்பதற்கும் இடையில் இருக்கும் தூரத்தை இதைவிடக் கொடூரமாகக் காட்டும் இன்னொரு கதை எனக்குத் தெரியாது.

1945 ஜூன் 26-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்ட இருவரும் தென்னாட்டுக்காரர்கள்: ஆற்காடு ராமசாமி முதலியார், வி.டி. கிருஷ்ணமாச்சாரி. இவர்கள் இந்தியாவின் பிரதிநிதிகள் அல்ல, பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதிகள் என்று சொல்ல விஜயலட்சுமி பண்டிட் அந்த ஊருக்கே தனியாக வந்திருந்தார். அடுத்த ஆண்டு இடைக்கால அரசு அமைந்தது. இம்முறை பண்டிட்டே இந்தியக் குழுவின் தலைவராக ஐ.நா.வுக்குப் போனார். 1946 டிசம்பர் 8-ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் நடத்தப்படும் விதம் குறித்த தீர்மானம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலான ஓட்டுகளுடன் நிறைவேறியது. சாஸ்திரி அந்த ஏப்ரலில்தான் இறந்திருந்தார். அவர் இருபத்தைந்து வருஷம் கெஞ்சிக் கேட்டதை, அவர் போய் எட்டு மாதம்கூட ஆகாத நிலையில் இந்தியா நிமிர்ந்து நின்று கேட்டது.

ஒரு நாட்டுக்குச் செல்வாக்கு எப்படிப் பிறந்தது என்று என்னைக் கேட்டால் நான் இந்த நாளைத்தான் சொல்வேன். இராணுவம் கொண்டோ பணம் கொண்டோ அது வரவில்லை. கடைமடையில் நிற்பவனின் நியாயத்தைப் பேசியதால் வந்தது.

*

இந்த நாற்காலிகளிலிருந்து எங்கள் வயலுக்கு வந்தது என்ன என்றும் சொல்ல வேண்டும்.

ஐம்பதுகளில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் முயற்சியில், ஜப்பானிய நெல் ரகங்களையும் நம் நாட்டு ரகங்களையும் ஒட்டுச்சேர்க்கும் வேலை கட்டாக்கில் நடந்தது. பெரும்பாலான கலப்புகள் தேறவில்லை. தேறியவற்றில் ஒன்று ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1965-இல் வந்த ஆடுதுறை 27. ஜப்பானின் நோரின் 10-உம் கோயம்புத்தூரின் ஜி.இ.பி. 24-உம் அதன் பெற்றோர். குறுகிய கால ரகம். தஞ்சாவூர் குறுவையின் முகத்தையே சில வருஷத்தில் மாற்றிவிட்டது. அடுத்த ஆண்டு பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஐ.ஆர். 8 வந்தது. அதன் பெற்றோரில் ஒன்று தைவானுடையது, இன்னொன்று இந்தோனேசியாவுடையது. ரசாயன உரம், பூச்சிமருந்து, காணாமல்போன நாட்டு ரகங்கள் என்று அதற்கு நாம் கொடுத்த விலையும் உண்டு. அது தனிக் கணக்கு. ஆனால் "எங்க மண்ணு, எங்க நெல்லு" என்று நெஞ்சில் தட்டிக்கொள்ளும்போது, அந்த நெல்லுக்குள் நான்கைந்து நாடுகள் இருக்கின்றன என்பதும் ஞாபகம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கொள்முதல் நிலையம். எங்கள் ஊரில் நெல் அறுத்ததும் நேராக அங்கேதான் போகும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், சிப்பத்துக்கு 40 கிலோ, குவிண்டாலுக்கு அரசு அறிவித்த விலை. அந்த நெல்தான் அரிசியாகி ரேஷன் கடைக்கு வருகிறது. உலக வர்த்தக அமைப்பின் கணக்குப் புத்தகத்தில் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் மானியம். வளரும் நாடு ஒன்று தன் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் இப்படிக் கொடுக்கக் கூடாது. அரசு தரும் விலை அதிகமா குறைவா என்பதை 1986 முதல் 1988 வரையிலான சர்வதேச விலையோடு ஒப்பிட்டுத்தான் கணக்கிடுவார்கள். நான் பிறப்பதற்கு முந்தைய விலையோடு! இன்னொரு பக்கம் அமெரிக்காவுக்கு, பழைய மானியங்களின் பேரில், ஆண்டுக்கு 1,910 கோடி டாலர் வரை கொடுக்க அதே ஒப்பந்தம் இடம் தருகிறது. ஏற்கனவே நிறைய கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு உச்சவரம்பும் உயரமாக வைக்கப்பட்டது.

2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது இந்தியா இந்த வரம்பை இடிக்கும் என்று தெரிந்துவிட்டது. அந்த டிசம்பரில் பாலி மாநாட்டில் ஒரு தற்காலிக ஏற்பாடு கிடைத்தது: வரம்பு மீறினாலும் வழக்குப் போடமாட்டோம். 'சமாதானப் பிரிவு' என்று அதற்குப் பெயர். அது நிரந்தரமா, நான்கு வருஷத்துக்கா என்பதில் தெளிவில்லை. 2014 ஜூலை 31-ஆம் தேதி, மற்ற நாடுகள் கேட்ட சுங்க ஒப்பந்தத்துக்குக் கையெழுத்திட இந்தியா மறுத்துவிட்டது. அன்று வர்த்தக அமைச்சர் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன். அந்த அமைப்பில் அப்போது 160 நாடுகள், எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். பணக்கார நாடுகள் திட்டின. நவம்பர் 27-ஆம் தேதி, நிரந்தரத் தீர்வு வரும்வரை சமாதானப் பிரிவு தொடரும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அது தேவைப்படவும் செய்தது. 2018-19-இல் இந்திய அரிசி உற்பத்தியின் மதிப்பு 4,367 கோடி டாலர், மானியம் 500 கோடி டாலர், அதாவது 10 சதவீத வரம்பைத் தாண்டி 11.46. சமாதானப் பிரிவை முதன்முதலில் பயன்படுத்திய நாடு இந்தியாதான். அந்த "முடியாது" இல்லாமல் போயிருந்தால் பெரியப்பாவின் நெல்லை அரசு எடுக்கும் முறையே வழக்கில் சிக்கியிருக்கலாம். எனக்கு ஆளும் கட்சியோடு ஆயிரம் சண்டை உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு நன்றி சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் நாம் அங்கே எதைச் சொல்லி ஜெயித்தோம்? "இது வியாபாரம் அல்ல, பசி. பசிக்கு வியாபார விதியைப் பொருத்தாதீர்கள்." இதுதான் நம் வாதம். ஒன்பது வருஷம் கழித்து, ஜூலை 20 அன்று, அறிவித்த உடனேயே நாம் கதவை மூடினோம்.

*

எதிர்வாதம் இருக்கிறது. வலுவானதும்கூட.

காவிரி இயற்கை கொடுத்தது, யாரும் உண்டாக்கவில்லை. அதனால் அதில் கீழே இருப்பவனுக்கும் பாத்தியதை உண்டு. அரிசி அப்படியா? நம் ஆள் உழுது, நட்டு, அறுத்தது. செனகலுக்கு அதில் என்ன உரிமை? மேலும் ஓர் அரசாங்கத்தின் முதல் கடமை தன் குடிகளுக்குத்தானே? பெரியப்பாவே மறுநாள் இந்தப் பக்கம் சாய்ந்தார். "எம் பேரனுக்கு இல்லாம ஊருக்குப் போட முடியுமா, நீயே சொல்லு."

முடியாதுதான். ஆனால் இதே வாக்கியத்தைத்தானே மண்டியாவிலிருந்து அவர்களும் சொன்னார்கள்? அவர்களுக்கும் பேரன் இருக்கிறான். 'என் குடி முதலில்' என்பதை முழு வாதமாக நாம் ஏற்றுக்கொண்டால், மேட்டூரை நோக்கி நாம் நீட்டும் கையை மடக்கிக்கொள்ள வேண்டும்.

அரிசிக்கும் ஆற்றுக்கும் உள்ள வித்தியாசத்தையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். இலவச மின்சாரம், மானிய உரம், அரசுக் கொள்முதல் எல்லாம் சேர்ந்து நம் அரிசியை உலகத்திலேயே மலிவான அரிசிகளில் ஒன்றாக்கியிருக்கின்றன. அந்த மலிவு ஒரு நாட்டுக்குள் போகும்போது அங்கே நெல் போடுகிறவனுக்குக் கட்டுப்படியாகாது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த நாடு நம் அரிசியை நம்பிவிடுகிறது. நம்ப வைத்தபிறகு அது வாய்க்கால் மாதிரிதான். மேலே இருப்பவன் பலகையைப் போட்டால் கீழே காயும். எங்கள் டெல்டா நெல் பெரும்பாலும் ரேஷன் கடைக்கு வருகிறது, கப்பல் ஏறுவதில்லை என்பது உண்மை. ஆனால் வெளியே போகும்போது எல்லாம் ஒரே பெயரில்தான் போகிறது: இந்திய அரிசி.

அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும்? இதற்கு நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பெரியப்பா சொன்ன சொல்லே போதும். முறை.

எங்கள் ஊரில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைப்பார்கள். இத்தனை மணிக்கு இந்த மடை திறப்பு, இத்தனை மணிக்கு அடைப்பு. இராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு போய், தன் வயல் பாதிதான் நனைந்திருந்தாலும், தன் நேரம் முடிந்தால் மேல்காரன் தன் மடையைத் தானே அடைத்துவிட்டு வர வேண்டும். அடைக்காதவன் உண்டு, அதற்காக மண்வெட்டி தூக்கினவனும் உண்டு. ஆனாலும் அடைத்தவர்களால்தான் கடைமடையில் இன்னும் ஊர் இருக்கிறது. காவிரித் தீர்ப்பிலும் இதே யோசனைதான். சாதாரண வருஷத்தில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மழை பொய்த்த வருஷத்தில் இருப்பதை விகிதப்படி எல்லாரும் குறைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரைப் பங்கிடுவதைப் போலவே பற்றாக்குறையையும் பங்கிடுவது.

ஜெனீவாவிலும் இதற்கு விதை உண்டு. விவசாய ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவு, உணவுப் பொருள் ஏற்றுமதியைத் தடுக்கும் நாடு முன்கூட்டி அறிவிக்க வேண்டும், வாங்கும் நாட்டின் உணவுப் பாதுகாப்பு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறது. வளரும் நாடுகளுக்கு விலக்கு. ஆனால் அந்தப் பொருளை வாங்குவதைவிட அதிகமாக விற்கும் வளரும் நாட்டுக்கு விலக்கு கிடையாது. அரிசியில் அது நாம்தான். 2022 ஜூனில், உலக உணவுத் திட்டம் மனிதாபிமான உதவிக்காக வாங்கும் தானியத்தைத் தடுக்கமாட்டோம் என்று உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன. 2023-இலும் இந்தியா கதவை முழுக்க அடைத்துவைக்கவில்லை. கேட்ட நாடுகளில் சிலவற்றுக்கு, நேபாளம், கேமரூன், ஐவரி கோஸ்ட், பிலிப்பைன்ஸ் போன்றவற்றுக்கு, அரசு அனுமதித்த அளவில் அரிசி போனது.

அது நல்லதுதான். ஆனால் கேட்டால் பார்த்துத் தருகிறோம் என்பது பெரியப்பாவின் அகராதியில் முறை ஆகாது.

அந்த செப்டம்பரில் டெல்லியில் ஜி20 மாநாடு. 55 நாடுகளைக் கொண்ட ஆப்பிரிக்க ஒன்றியத்தை நிரந்தர உறுப்பினராக்கியது இந்தியாவின் முயற்சி. பெரிய காரியம். நாற்காலி இல்லாதவனின் வலி தெரிந்த நாடு செய்ய வேண்டிய காரியம். ஆனால் நாற்காலி மட்டும் போதாது என்பதும் நமக்குத்தானே நன்றாகத் தெரியும்? 1943-இல் நமக்கும் நாற்காலி இருந்தது. விருந்தாளியை நடுவீட்டில் உட்கார வைத்துவிட்டு அரிசிப் பானையை மூடிவைத்த மாதிரி எனக்குப் பட்டது. கோபத்தில் சொல்லவில்லை. என் வீட்டில் நடந்தால் வெட்கப்படுவேன், அவ்வளவுதான்.

தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு சொல் இருக்கிறது. ஒவ்வொரு நாடும் சர்வதேசக் கூட்டங்களுக்கு 'நாங்கள்' என்றுதான் வருகிறது. 'எங்கள் விவசாயி, எங்கள் ஏழை, எங்கள் எல்லை.' வரவும் வேண்டும். அதற்காகத்தான் நாம் ஆளை அனுப்புகிறோம். ஆனால் 1946-இலும் 2014-இலும் நாம் பேசியபோது பிறர் காது கொடுத்ததற்குக் காரணம், அந்த 'நாங்கள்' என்பதற்குள் தங்களையும் பார்க்க அவர்களுக்கு இடம் இருந்தது. இனம் பார்த்து ஒதுக்கப்பட்ட எவனும், கையில் காசில்லாமல் பசித்த எவனும் அதற்குள் வரலாம். அந்த இடத்தை நாமே அடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது பலம் மட்டும்தான். நம்மைவிடப் பலசாலி எப்போதும் ஒருவன் இருப்பான்.

2023 அக்டோபர் 10-ஆம் தேதி மேட்டூர் அணையை மூடினார்கள். பெரியப்பா விதைத்துவிட்டிருந்தார். மழையை நம்பித்தான் மிச்சம். அடுத்த செப்டம்பரில், 2024-இல், அரிசித் தடை நீங்கியது. செய்தியை அவரிடம் சொன்னபோது அவருக்கு அந்தப் பழைய பேச்சு ஞாபகம் இருந்தது.

"திறந்துட்டாங்களா? நல்லது" என்றார். பிறகு, "எப்ப அடைப்பாங்க, எப்ப திறப்பாங்கன்னு அவங்களுக்கு முன்னாடியே சொல்றாங்களா?"

இல்லை என்றேன்.

"அதான் கஷ்டம்" என்றார். "தண்ணி இல்லாதது கூடப் பரவால்ல. எப்ப வரும்னு தெரியாமக் கரையில நிக்கிறோம் பாரு, அதான் கஷ்டம்."